கெய்சர் ஒருமுறை விதிப்படி பேசினார்

ஜெர்மானியப் பேரரசின் அரசமைப்புச் சட்டத்தில் 17-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. பேரரசர் எந்த உத்தரவு போட்டாலும் அதன் கீழே சான்ஸலரும் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் உத்தரவு செல்லும். பிறகு ஏதாவது ஏடாகூடமானால் பொறுப்பு கையெழுத்துப் போட்டவருடையது. பேரரசரின் கிரீடத்தில் தூசு படாது. 1871-இல் முதல் சான்ஸலர் பிஸ்மார்க் தன் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்துக்கொண்ட ஏற்பாடு அது. அவருக்கு வாய்த்த பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் வயோதிகர், மரியாதைக்காரர், கொஞ்சம் முனகிவிட்டுச் சொன்னதைக் கேட்கிறவர். அதனால் பேரரசரின் கைக்குப் பூட்டுப் போட்ட பிஸ்மார்க், வாய்க்கும் ஒன்று தேவைப்படும் என்று யோசிக்கவில்லை.

1888 மார்ச்சில் பெரியவர் இறந்தார். அவர் மகன் மூன்றாம் ஃப்ரெடரிக் புற்றுநோயோடு 99 நாள் ஆண்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஜூன் 15 அன்று பேரன் இரண்டாம் வில்ஹெல்ம், இந்தக் கதையின் கெய்சர், 29 வயதில் பட்டத்துக்கு வந்தார். இரண்டு வருடம் முடிவதற்குள், 1890 மார்ச்சில், பிஸ்மார்க்கை வீட்டுக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு ஜெர்மனியின் வெளியுறவு வரலாறு என்பது பாதிக்குப் பாதி 17-ஆவது பிரிவுக்கும் பேரரசரின் தொண்டைக்கும் நடந்த மல்லுக்கட்டுதான்.

கெய்சருக்கு எழுதி வைத்துப் பேசுவது பிடிக்காது. எதிரே நாலு பேர் நின்று தொப்பியைக் கழற்றினால் போதும், ஆரம்பித்துவிடுவார். சிலை திறப்பு, கப்பல் வெள்ளோட்டம், படைப்பிரிவுக்குக் கொடி வழங்கல், விருந்து முடிந்து கோப்பையைத் தூக்கும் நேரம் என்று எதுவும் விலக்கில்லை. நம் ஊரில் ஒரு மாவட்டச் செயலாளர் மேடையில் எதையாவது உளறிவிட்டால், மறுநாள் காலை தலைமைக் கழகம் அறிக்கை விடும்: அது அவருடைய சொந்தக் கருத்து, கட்சியின் நிலைப்பாடு அல்ல. எத்தனை பேரைக் காப்பாற்றிய வாக்கியம்! பாவம், பெர்லினில் அதைப் பயன்படுத்த வழியில்லை. உளறியவர்தான் கட்சி, அவர்தான் தலைமைக் கழகம், கொடியில் இருப்பதும் அவர் குடும்பத்துக் கழுகுதான்.

ஆகவே அதிகாரிகள் வேறு உத்தி கண்டுபிடித்தார்கள். பேசி முடித்ததும் 'அதிகாரபூர்வமான பிரதி' என்று ஒன்றைத் தயாரித்துப் பத்திரிகைகளுக்குக் கொடுப்பார்கள். பேச்சில் வராத நிதானம் அதில் வந்துவிடும்.

இந்த உத்தி அதன் உச்சத்தைத் தொட்டதும் பல்லிளித்ததும் ஒரே நாளில்: 1900 ஜூலை 27. சீனாவில் பாக்ஸர் கிளர்ச்சி. அதை அடக்கப் போகும் படையை வழியனுப்ப ப்ரெமர்ஹாஃபன் துறைமுகத்துக்கு வந்தார் கெய்சர். யாரையும் கைதியாகப் பிடிக்க வேண்டாம், ஆயிரம் வருடம் முன்பு அட்டிலாவின் தலைமையில் ஹூணர்கள் எப்படிப் பெயர் வாங்கினார்களோ அப்படி வாங்குங்கள், இனி எந்தச் சீனனும் ஒரு ஜெர்மானியனை நிமிர்ந்து பார்க்கக்கூடாது என்ற ரீதியில் முழங்கினார். பக்கத்தில் நின்றிருந்த வெளியுறவுச் செயலர் பெர்ன்ஹார்ட் ஃபான் ப்யூலோவுக்கு வியர்த்தது. உடனே நிருபர்களைப் பிடித்து, நாங்கள் தரும் பிரதியைத்தான் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பிரதியில் அட்டிலா இல்லை, ஹூணர்கள் இல்லை. எல்லாரும் தலையாட்டினார்கள். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று மட்டும் காதில் விழுந்ததை அப்படியே அச்சடித்தது. வெட்டிய பிரதியைப் படித்த கெய்சர், இருந்ததிலேயே நல்ல வரிகளையெல்லாம் எடுத்துவிட்டீர்களே என்று குறைபட்டுக்கொண்டதாக ஒரு கதை உண்டு.

அந்தப் படை சீனாவில் செய்தது சிரிக்கும்படியான விஷயம் அல்ல. பேச்சு மட்டும் 14 வருடம் காத்திருந்து பழிவாங்கியது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் பிரசாரக்காரர்கள் ஜெர்மானியர்களுக்கு ஒரு வசைப்பெயர் தேடியபோது, மூளையைக் கசக்க வேண்டியிருக்கவில்லை. 'ஹூணன்' தயாராக இருந்தான். சூட்டியவர் ஜெர்மானியப் பேரரசர்.

ப்யூலோ அதே ஆண்டு அக்டோபரில் சான்ஸலர் ஆனார். ஆள் நயமானவர், படித்தவர், மேற்கோள் சொல்வதில் மன்னர். விலாங்கு என்று அவருக்குப் பட்டப்பெயர். பேரரசரிடம் எதையும் மறுத்துப் பேச மாட்டார். அரை மணி நேரம் புகழ்ந்துவிட்டு நடுவே ஒரு வரியில் விஷயத்தைச் சொருகுவார். நாக்குக்குப் பூட்டுப் போட முடியாது, ஆனால் தேன் தடவலாம் என்பது அவர் கொள்கை. எட்டு வருடம் அது ஓடியது என்பதே பெரிய காரியம்.

இப்போது இங்கிலாந்துக்கு வருவோம். கெய்சர் விக்டோரியா மகாராணியின் மகள் வயிற்றுப் பேரன். இங்கிலாந்தின் மேல் அவருக்கு இருந்தது என்ன உணர்ச்சி என்று இன்றுவரை யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அங்கே போனால் உருகுவார், பிரிட்டிஷ் அட்மிரல் சீருடையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்பார். ஊருக்குத் திரும்பியதும் அந்தக் கடற்படையை மிஞ்ச எத்தனை போர்க்கப்பல் கட்டலாம் என்று கணக்குப் போடுவார். தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்கள் மேல் பிரிட்டிஷ்காரர் ஜேம்சன் நடத்திய தாக்குதல் தோற்றபோது, 1896 ஜனவரி 3 அன்று, ட்ரான்ஸ்வால் அதிபர் க்ரூகருக்கு வாழ்த்துத் தந்தி கொடுத்தார். லண்டன் கொதித்தது. இதில் வேடிக்கை, அது அதிகாரிகள் கூடி உட்கார்ந்து யோசித்த தந்தி. கெய்சர் அதைவிடப் பெரிய திட்டங்களோடு கூட்டத்துக்கு வந்திருந்தார். அவரை ஒரு தந்தியோடு நிறுத்தியதே தங்கள் சாமர்த்தியம் என்று அதிகாரிகள் நினைத்துக்கொண்டார்கள்.

1907 நவம்பரில் கெய்சர் வின்ட்ஸர் அரண்மனைக்கு அரசுமுறை விருந்தாளியாகப் போனார். அது முடிந்ததும் ஊர் திரும்பாமல், உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்று இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் ஹைக்ளிஃப் என்ற மாளிகையில் தங்கினார். வீட்டுக்காரர் எட்வர்ட் ஸ்டூவர்ட்-வோர்ட்லி, ராணுவக் கர்னல். நல்ல மனிதர். கெய்சர் மாதிரி ஆளுக்கு ஓய்வு என்றால் பேச்சு; கர்னல் நாகரிகமானவர் என்பதால் கேட்டுக்கொண்டார். நான் உங்கள் நாட்டுக்கு எவ்வளவு பெரிய நண்பன், நீங்கள் ஏன் புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறீர்கள் என்று மாலை மாலையாகப் புலம்பல். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அல்ஸாஸில் நடந்த ஜெர்மன் படைப் பயிற்சியைப் பார்க்கக் கர்னலைக் கூப்பிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

கர்னலுக்கு ஒரு யோசனை தோன்றியது. இந்த மனிதர் சொல்வதையெல்லாம் ஆங்கிலேய மக்கள் படித்தால் இரண்டு தேசமும் கட்டிப்பிடித்துக்கொள்ளுமே! இரண்டு தேசங்களுக்கும் நடுவே நல்லெண்ணத்தால் விளைந்த சேதங்களுக்கு யாராவது கணக்கு எழுதினால், இந்தக் கர்னலுக்கு முதல் பக்கத்திலேயே இடம் கிடைக்கும். 'டெய்லி டெலிகிராஃப்' பத்திரிகைக்காரர் ஒருவரின் உதவியோடு பேச்சுகளைப் பேட்டி வடிவத்தில் கோத்தார். கோத்து, பேரரசரின் ஒப்புதலுக்கு அனுப்பிவைத்தார்.

இந்த இடத்தில்தான் அதிசயம் நடக்கிறது. வாழ்நாள் முழுக்க யாரையும் கேட்காமல் பேசிய கெய்சர், இந்த ஒரே தடவை, விதிப்படி நடந்துகொண்டார். கிழக்கு ப்ரஷ்யாவில் ரோமின்டன் வேட்டை மாளிகையில் இருந்தவர் கட்டுரையைப் படித்தார், பிடித்துப்போயிற்று. ஆனாலும் தானே 'சரி' போட்டு அனுப்பிவிடவில்லை. சான்ஸலர் பார்க்கட்டும், ஏதாவது திருத்த வேண்டியிருந்தால் சொல்லட்டும் என்று ப்யூலோவுக்கு அனுப்பினார். அரசமைப்புச் சட்டம் எதிர்பார்த்தது இதைத்தான். இருபது வருடமாக மந்திரிகள் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டதும் இதைத்தான்.

ப்யூலோ அப்போது வடகடலில் நோர்டர்னை தீவில் விடுமுறையில் இருந்தார். ஆஸ்திரியா பாஸ்னியாவை விழுங்கப்போகிறது என்று ஐரோப்பாவே பதறிக்கொண்டிருந்த சமயம். தடித்த உறையில் ஆங்கிலத்தில் ஏதோ வந்திருக்கிறது. படிக்கவில்லை. அல்லது, படிக்கவில்லை என்று சாகும்வரை சாதித்தார். நம்பாத வரலாற்று ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்கும் பாதி சந்தேகம்தான். எப்படியோ, 'பார்த்து ஆவன செய்க' என்கிற பாணியில் ஒரு குறிப்போடு பெர்லினில் வெளியுறவு அலுவலகத்துக்குத் தள்ளினார்.

அங்கே வெளியுறவுச் செயலர் ஷோன் ஊரில் இல்லை, விடுமுறை. துணைச் செயலர் ஷ்டெம்ரிஷ் உறையைப் பார்த்தார். பேரரசரிடமிருந்து சான்ஸலருக்குப் போய், சான்ஸலரிடமிருந்து வந்திருக்கிற சரக்கு. இதில் கை வைப்பானேன் என்று க்ளேமெட் என்ற அதிகாரியிடம் ஒப்படைத்தார். இந்தக் கதையில் அந்தக் கட்டுரையை ஒழுங்காக, முதலிலிருந்து கடைசிவரை, கையில் பென்சிலோடு படித்த ஒரே மனிதர் க்ளேமெட்தான். அவருக்குத் தரப்பட்டதாக அவர் புரிந்துகொண்ட வேலை, தகவல்கள் சரியா என்று பார்ப்பது. வெளியிடலாமா என்பதைப் பெரியவர்கள் இருவரும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள்; அது தன் மேசைக்கு வரக்கூடிய கேள்வி அல்ல. எனவே கட்டிடம் தீப்பிடிக்குமா என்று பார்க்காமல், கதவிலக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சில்லறைத் திருத்தங்கள் செய்து கொடுத்தார். எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவரும் க்ளேமெட்டைக் குறை சொல்ல மாட்டார்.

கோப்பு வந்த வழியே திரும்பியது. ஷ்டெம்ரிஷ், ப்யூலோ, கெய்சர். திரும்பும்போதும் யாரும் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆட்சேபணை ஒன்றும் இல்லை என்று கெய்சர் மகிழ்ச்சியோடு கர்னலுக்கு அனுப்பிவைத்தார். 1908 அக்டோபர் 28 அன்று 'டெய்லி டெலிகிராஃப்' அதை வெளியிட்டது.

அதில் என்ன இருந்தது?

எடுத்த எடுப்பில், ஆங்கிலேயர்களே, உங்களுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்றார் கெய்சர். மார்ச் மாதத்து முயல்களைப் போலப் பித்துப் பிடித்து அலைகிறீர்களாம். நட்பை வளர்க்க வந்த கட்டுரைக்கு இது முகவுரை. அடுத்து, என் குடிமக்களில் நடுத்தர வர்க்கத்திலும் அதற்குக் கீழேயும் பெரும்பாலோருக்கு உங்களைப் பிடிக்காது, உங்களை நேசிக்கும் சிறுபான்மையில்தான் நான் இருக்கிறேன் என்றார். சண்டை வந்துவிடக்கூடாதே என்று தூதர்கள் மூடி மூடி வைத்திருந்த செய்தியை, நல்லெண்ண அடையாளமாகப் பேரரசரே திறந்து காட்டினார்.

பிறகு போயர் போர். 1899-இல் தொடங்கிய அந்தப் போரில் ஜெர்மானியர்கள் அத்தனை பேரும் போயர்கள் பக்கம். தெருவில் போகிற பையன்கூட க்ரூகருக்கு ஜே போட்ட காலம். கெய்சர் இப்போது சொல்கிறார்: போயர் தூதுக் குழு ஐரோப்பாவெங்கும் மாலை மரியாதை வாங்கிக்கொண்டு வந்தபோது, வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான்தான். ரஷ்யாவும் பிரான்ஸும் சேர்ந்து, வாருங்கள் மூவருமாக இங்கிலாந்தை மடக்கி அவமானப்படுத்தலாம் என்று கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றேன், சொன்னதோடு நில்லாமல் விஷயத்தைப் பாட்டிக்கும் தந்தியில் போட்டுக் கொடுத்துவிட்டேன். நம்பாவிட்டால் வின்ட்ஸர் ஆவணக் கிடங்கில் போய்ப் பாருங்கள்.

இதோடு விட்டிருந்தால் ரஷ்யா, பிரான்ஸ், உள்நாட்டு மக்கள் என்று மூன்று பகையோடு போயிருக்கும். விடவில்லை. 1899 டிசம்பரில் பிரிட்டிஷ் படை ஒரே வாரத்தில் மூன்று இடத்தில் உதை வாங்கியது. பாட்டி மனம் உடைந்து கடிதம் எழுதினார். பேரன் என்ன செய்தார்? வரைபடத்தை விரித்து, போயர்களைத் தோற்கடிக்க ஒரு போர்த் திட்டம் போட்டு, அதைத் தன் தலைமைத் தளபதிகளிடம் காட்டிச் சரிபார்த்து, பாட்டிக்கு அனுப்பினார். பிரிட்டிஷ் தளபதி லார்ட் ராபர்ட்ஸ் பிற்பாடு ஜெயித்த வழியும் கிட்டத்தட்ட அதே வழிதான், என்ன ஒரு தற்செயல் என்று பேட்டியில் வியந்துகொண்டார். க்ரூகருக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பிய அதே கை!

அந்த மகத்தான திட்டம் உண்மையில் உதிரி உதிரியான சில யோசனைகள். கெய்சர் இப்படி எழுதி அனுப்பியவற்றில் ஒன்று நம் ஊர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. தோல்வியைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்வது நல்லது என்று தாய்மாமன் எட்வர்டுக்குப் புத்தி சொல்லும்போது, போன வருடம் ஆஸ்திரேலியாவிடம் கிரிக்கெட்டில் தோற்றபோது நீங்கள் கண்ணியமாக நடந்துகொள்ளவில்லையா என்று கேட்டிருந்தார். ஆயிரக்கணக்கில் சிப்பாய்கள் செத்துக்கொண்டிருக்கும்போது ஆஷஸ் உதாரணம். மாமன் அதற்குப் பிறகு மருமகனைப் பற்றிப் பேசும்போது உதட்டைக் கடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. உங்கள் கடற்படை யாருக்கு எதிராக என்ற கேள்வி. உங்களுக்கு எதிராக அல்ல என்றார் கெய்சர். கிழக்கே பாருங்கள், ஜப்பான் எழுந்துவிட்டது, சீனா கண் விழிக்கிறது, பசிபிக்கில் என்ன நடக்குமோ, அதற்காக. ஜப்பான் அப்போது இங்கிலாந்தின் நட்பு நாடு. டோக்கியோவில் புருவங்கள் உயர்ந்தன. கிழக்குக்கென்று அந்தக் கடற்படை நிறுத்தி வைத்திருந்த கப்பல்களில் ஒன்றுக்கு எம்டன் என்று பெயர். 1914 செப்டம்பர் 22 இரவு அது சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. ஆக, ஜப்பானியர்களைவிட அந்தப் பேட்டியைக் கவனமாகப் படித்திருக்க வேண்டியவர்கள் ஜார்ஜ் டவுன் வாசிகள்.

ஒரே கட்டுரையில் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ரஷ்யர், ஜப்பானியர், போயர் என்று ஒருவர் விடாமல் முகம் சுளிக்க வைத்தது சாதாரணத் திறமை அல்ல. ஆனால் இங்கிலாந்தில் பெரும்பாலும் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்கள். வெடித்தது ஜெர்மனி. நாம் கண்ணீர் விட்ட போயர்களை எப்படி அடிப்பது என்று நம் ராஜாவே பாட்டிக்குச் சொல்லிக் கொடுத்தாரா! இடதுசாரிகளை விடுங்கள், பேரரசர் தும்மினால் நூறாண்டு வாழ்க சொல்லும் பழமைவாதக் கட்சியே இனிமேல் அடக்கி வாசிக்கச் சொல்லி அறிக்கை விட்டது.

ப்யூலோ பதவி விலகுவதாகச் சொன்னார், கெய்சர் ஏற்கவில்லை. அரசு சார்பில் ஒரு விளக்கம் வெளியானது: கட்டுரை சான்ஸலருக்கு வந்தது உண்மை, ஆனால் அவர் படிக்கவில்லை. இந்த விளக்கம் பேட்டியைவிடப் பெரிய நகைச்சுவையாகப் போய்விட்டது. பேரரசர் பேசிவிட்டார் என்பது பழைய செய்தி. ஐரோப்பாவிலேயே ஒழுங்குக்குப் பெயர் போன அரசாங்கத்தில் ஒரு காகிதம் ஆறு கை மாறி, மேலிடத்தில் யாராலும் ஒழுங்காகப் படிக்கப்படாமல், முறைப்படி ஒப்புதல் பெற்று வெளியே வர முடியும் என்பது புதிய செய்தி. க்ளேமெட்டை அந்த நாற்காலியிலிருந்து தூக்கினார்கள். படித்தவருக்குத் தண்டனை, படிக்காதவர்களுக்குப் பதவி.

நவம்பர் 10, 11 தேதிகளில் நாடாளுமன்றமான ரைக்ஸ்டாகில் விவாதம். ப்யூலோ எழுந்து தன் எஜமானரைக் காப்பாற்றினார், ஆனால் காப்பாற்றிய விதத்தைப் பார்த்தால் எதிர்க்கட்சியே தேவலை. பேரரசர் இனிமேல் தனிப்பட்ட பேச்சிலும் நிதானம் காப்பார் என்று தாம் உறுதியாக நம்புவதாகச் சொன்னார். காக்காவிட்டால் தானும் சரி, தனக்குப் பின்னால் வருபவர்களும் சரி, பொறுப்பேற்க முடியாது என்றார். போர்த் திட்டம் வெறும் சில பொதுவான சிந்தனைகள்தான் என்று அதன் காற்றையும் இறக்கினார். தான் ஏன் படிக்கவில்லை என்ற விஷயத்தை விலாங்கு நழுவுவதைப் போல நழுவிக் கடந்தார்.

நாடே பற்றியெரியும்போது கெய்சர் எங்கே? ஆஸ்திரியாவில் அந்நாட்டுப் பட்டத்து இளவரசர் ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்டோடு மான் வேட்டை முடித்துவிட்டு, நவம்பர் 10 அன்று, ரைக்ஸ்டாகில் அவர் நாக்கைப் பற்றி விவாதம் தொடங்கிய அதே நாளில், தெற்கே போடன்ஸே ஏரிக்கரையில் இருந்தார். ஆகாயக் கப்பல் கட்டிய கிழவர் ஸெப்பெலினுக்குக் கருங்கழுகு விருதை மாட்டி, இவர்தான் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த ஜெர்மானியர் என்று அறிவித்தார். நூற்றாண்டில் அப்போது எட்டு வருடம்தான் ஆகியிருந்தது. மீதி 92 வருடத்துக்கும் சேர்த்தே தீர்ப்பு.

அங்கிருந்து நண்பர் ஃப்யூர்ஸ்டன்பெர்க் இளவரசரின் டோனாவ்எஷிங்கன் மாளிகைக்குப் போனார். மனம் சோர்ந்திருந்த பேரரசரைக் குஷிப்படுத்த வேண்டும். இங்கே அரங்கத்துக்கு வருகிறார் ஜெனரல் டீட்ரிஷ் ஃபான் ஹ்யூல்ஸன்-ஹேஸலர், வயது 56. கெய்சரின் ராணுவச் செயலகத் தலைவர். ப்ரஷ்யப் படையில் யாருக்குப் பதவி உயர்வு என்பதெல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். நவம்பர் 14 இரவு, விருந்துக்குப் பிறகு, இந்தப் பெரிய மனிதர் பாலே நாட்டியக்காரியின் குட்டைப் பாவாடையை அணிந்து, இறகுத் தொப்பி வைத்து, இசைக்குத் தகுந்தபடி ஆடினார். முதல் தடவை அல்ல. அவருடைய பிரபலமான உருப்படி அது. அவர் அப்பா பெர்லின் அரச நாடக அரங்குகளின் தலைமை நிர்வாகியாக இருந்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொண்டால் கொஞ்சம் புரியும். ஆடி முடித்து, முத்தங்களை வீசிவிட்டு வெளியே போனவர் கீழே விழுந்தார். மாரடைப்பு. படை அதிகாரிகளுக்குப் பதவி உயர்வு போட்டவர் பாலே உடையில் செத்துக் கிடந்தார்.

அந்த மரணத்தை மட்டும் எந்த வண்ணமும் சேராத அதிகாரபூர்வமான பிரதியாக்கி வெளியிட முடிந்தது. மருத்துவர்கள், சீருடை, மரியாதை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பாவாடை விஷயம் வெளியே கசியாமல் இருக்க எடுத்துக்கொண்ட அக்கறையில் பத்தில் ஒரு பங்கை நோர்டர்னைக்கு வந்த உறையில் காட்டியிருக்கலாம்.

நவம்பர் 17 அன்று போட்ஸ்டாமில் ப்யூலோ ஒரு அறிக்கையை நீட்டினார். அரசமைப்புப் பொறுப்புகளைக் காத்துக்கொண்டே பேரரசின் கொள்கையில் நிலைத்தன்மையை உறுதி செய்வதே தன் கடமை என்று கெய்சர் ஒப்புக்கொண்டார். கையெழுத்துப் போட்ட சில நாளில் படுக்கையில் விழுந்தார். முடியைத் துறந்துவிடுகிறேன் என்று புலம்பினார். சில வேலைகளைப் பட்டத்து இளவரசர் பார்த்துக்கொண்டார். கையெழுத்துப் போட்ட அந்த வாரமே பெர்லின் நகர மன்றத்தில் ஒரு நூற்றாண்டு விழா. கூட்டத்தின் முன்னால், எல்லாரும் பார்க்கும்படி, சான்ஸலர் எழுந்து உரையின் தாளைப் பேரரசரிடம் கொடுத்தார். பேரரசர் எழுத்துப் பிசகாமல் வாசித்தார். வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். இருபது வருடத்தில் அவர் நிகழ்த்திய மிகக் கூர்மையான சொற்பொழிவு அந்தத் திருப்பிக் கொடுத்தல்தான் என்பது என் அபிப்பிராயம்.

இந்தச் சந்தடியில் வெளியுறவு அலுவலகத்துக்கு இன்னொரு நெஞ்சுவலி. அந்த ஆண்டு ஜூலையில் நார்வேக் கடற்கரையில், தன் உல்லாசக் கப்பலில், ஹேல் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரிடம் கெய்சர் இரண்டு மணி நேரம் பேசியிருந்தார். டெலிகிராஃப் பேட்டியில் இங்கிலாந்தின் தீராத நண்பர். ஹேலிடம் இங்கிலாந்தைக் கிழி கிழி என்று கிழித்திருந்தார். ஒரே வருடம், ஒரே வாய். அது அமெரிக்காவின் 'செஞ்சுரி' இதழில் டிசம்பரில் வெளிவர அச்சாகித் தயாராக இருந்தது. ஜெர்மன் அரசு முந்திக்கொண்டு அச்சடித்த தாள்களை எல்லாம் வாங்கி எரித்தது. இந்த முறை படித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

ப்யூலோவைக் கெய்சர் மன்னிக்கவில்லை. 1909-இல் வரி மசோதா ஒன்று தோற்றதைச் சாக்காக வைத்து விலாங்கை வெளியே விட்டார். அவரோ சும்மா இருக்கவில்லை, நினைவுக் குறிப்புகளை எழுதி வைத்தார். 1929-இல் அவர் இறந்த பிறகு நான்கு தொகுதிகள் வந்தன. தன்னைத் தவிர எல்லாரையும் அதில் கவிழ்த்திருந்தார், படித்தவர்களுக்கு அவர் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று. செத்த பிறகு தற்கொலை செய்துகொண்ட முதல் மனிதர் இவர்தான் என்று கெய்சர் சொன்னதாகச் சொல்வார்கள். உண்மையில் சொல்லியிருந்தால், அவர் யாரையும் கேட்காமல் சொன்னவற்றிலேயே சிறந்தது அது.

அதைச் சொல்லும்போது அவர் ஹாலந்தில் டோர்ன் கிராமத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த முன்னாள் பேரரசர். முன்னாள் ஆனதும் விசித்திரமான வழியில்தான். 1918 நவம்பர் 9. போர் தோற்றுவிட்டது, பெர்லின் தெருக்களில் புரட்சி. பெல்ஜியத்தில் ஸ்பா நகரில் படைத் தலைமையகத்தில் இருந்த கெய்சர், பேரரசர் பட்டத்தை மட்டும் விட்டு ப்ரஷ்ய மன்னராக நீடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அதற்குள் பெர்லினில் சான்ஸலர் பாடன் இளவரசர் மாக்ஸ், பேரரசர் முடி துறந்துவிட்டார் என்று செய்தி நிறுவனத்துக்கு அறிவித்துவிட்டார். கெய்சரின் ஒப்புதல் வரவில்லை. காத்திருக்க நேரமில்லை. முப்பது வருடமாகச் சான்ஸலரைக் கேட்காமல் பேசியவருக்கு, சான்ஸலர் அவரைக் கேட்காமல் ஒரு அதிகாரபூர்வமான பிரதியைத் தயாரித்துக் கொடுத்தார். இந்தத் தடவை எந்த உள்ளூர்ப் பத்திரிகையும் மாற்றுப் பிரதி போடவில்லை.

அன்றே மாக்ஸ் சான்ஸலர் பதவியைச் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஏபெர்ட்டிடம் கொடுத்துவிட்டுக் கழன்றுகொண்டார். ஏபெர்ட் நிதானஸ்தர், நடைமுறை தெரிந்தவர். முடியாட்சியா குடியாட்சியா என்பதை அரசமைப்பு மன்றம் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும், அதுவரை யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது அவர் நிலைப்பாடு. அவருடைய சகா ஷைடமான் ரைக்ஸ்டாக் உணவறையில் உட்கார்ந்து நீர்த்த சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார். வெளியே பெருங்கூட்டம். தீவிர இடதுசாரி லீப்னெக்ட் முந்திக்கொண்டு ஏதோ பிரகடனம் செய்யப்போகிறாராம் என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள். ஷைடமான் கரண்டியை வைத்துவிட்டுப் போய், கூட்டத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசி, குடியரசு வாழ்க என்று முடித்துவிட்டு உணவறைக்குத் திரும்பினார்.

ஏபெர்ட்டின் முகம் சிவந்திருந்தது. மேசையில் ஓங்கிக் குத்தினார். குடியரசை அறிவிக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது, அதை அரசமைப்பு மன்றமல்லவா முடிவு செய்ய வேண்டும் என்று கத்தினார். ஷைடமான் பேசியது கட்சியின் நிலைப்பாடு அல்ல என்பதில் சந்தேகமே இல்லை. மறுப்பு அறிக்கை விடலாம் என்றால் வெளியே கூட்டம் ஏற்கெனவே கொண்டாடிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் கழித்து, 1919 பிப்ரவரி 11 அன்று, அந்தக் குடியரசின் முதல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஏபெர்ட்.